பின்னால் உட்கார்ந்திருப்பவள்

ஏப்ரல் 12, சனி

இரண்டு முறை குளித்தும் காதுக்குப் பின்னால் மணல் இருக்கிறது. உடம்பெல்லாம் உப்பு.

விடியும் முன் மதுரையை விட்டுக் கிளம்பி, தொண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அலையாத்திக் காட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் படகோடு தண்ணீரில் இறங்கிவிட்டோம். போன கோடையில் நசீரா, உமையாள், நான் என்று மூன்று பேர்தான். ஒரு கயாக் படகில் இரண்டு பேர் என்பதால் நசீராவுக்குத் துணையாகப் படகுத்துறைப் பெண்கள் யாராவது ஏறுவார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் ஜோடி இருக்கு, எனக்கு மட்டும் வாடகை ஆளா?" என்று வருடம் முழுக்கப் புலம்பினாள். பல் டாக்டர் என்றாலும் வாயை மூடவே தெரியாதவள். இந்த முறை தன் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்துவிட்டாள். பெயர் அமலி. கான்வென்ட் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. முப்பத்தெட்டு வயதாம். கழுத்தோடு வெட்டிய முடி. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பேசுகிறாள், கழற்றிவிட்டுத்தான் சிரிக்கிறாள்.

படகில் பின்னால் உட்காருபவர்தான் திருப்ப வேண்டும். முன்னால் இருப்பவர் துடுப்பைப் போட்டால் போதும். உமையாள் எப்போதும் எனக்கு முன்னால். சிறுவயதில் ஊருணிப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து இதை அறிந்தவள் நான். அதனால் படகு நகர்ந்ததும் பின்னாலிருந்து "பயப்படாத உமை, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வருவேன். அவள் திரும்பாமலே தலையை ஆட்டுவாள்.

கரையேறித் தக்காளி சாதம் சாப்பிடும்போது அமலி, "உமையாக்கா, அடுத்த ட்ரிப் நீங்க பின்னாடி உக்காந்து பாருங்களேன்" என்றாள்.

"அய்யோ, அவளுக்கு அதெல்லாம் ஆகாது" என்றேன். "தண்ணியப் பாத்தாலே நடுங்குவா."

எல்லோரும் சிரித்தோம். உமையாள் வறுவலில் கருகியதைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நல்ல நாள். அமலி பரவாயில்லை. கொஞ்சம் அதிகம் பேசுகிறாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

உமையாள் காலை நடைக்கு வரவில்லை. முட்டி வலியாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்றும் வரவில்லை. இத்தனை வருடம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தைத் தனியாகச் சுற்றியதே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கணக்கு தப்பிவிட்டது, ஒரு சுற்று அதிகமாகவே நடந்திருப்பேன். முட்டிக்கு நொச்சி இலை ஒத்தடம் நல்லது என்று செய்தி அனுப்பினேன். ஒரு கும்பிடு பொம்மை மட்டும் பதிலாக வந்தது.

கல்லூரிக்கு விடுமுறை. விடைத்தாள் திருத்தும் வேலையும் முடிந்துவிட்டது. கோவையில் படிக்கும் மகள் இந்தக் கோடைக்கு வரவில்லை, ஏதோ பயிற்சி. அவர் மஸ்கட்டிலிருந்து பேசினார். "பொழுது போகுதா?" என்றார். தாராளமாகப் போகிறது என்றேன். அலமாரி மூன்றையும் துடைத்து அடுக்கிவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

சிறுமலை.

நசீரா புதிதாக ஒரு கூடாரம் வாங்கியிருக்கிறாள். அவளிடம் பல் கட்டிக்கொள்ளும் ஒருவருக்கு மலைமேல் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. அங்கே அடித்து, டீ போட்டுக் குடித்து, இருட்டுவதற்குள் இறங்குவதாகத் திட்டம்.

முதல் அதிர்ச்சி காரில். உமையாள் முடியை வெட்டியிருந்தாள். இடுப்பு வரை இருந்த முடி இப்போது தோளைத் தொடவில்லை.

"என்னடி இது?"

"வெக்கைக்கு முடியல மங்கை. காயவே மாட்டேங்குது."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவருக்கு இன்னும் தெரியாது. வெட்டி நாலு நாளாச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். நசீரா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

எனக்குச் சொல்லாமல் அவள் ஒரு ஜாக்கெட் துணிகூட எடுத்ததில்லை. அமலியின் தலையையும் உமையாளின் தலையையும் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரே கடையில் வெட்டியது போல இருந்தது. கேட்கவில்லை.

இரண்டாவது, அந்த முட்டி. ஆடு மாதிரி ஏறினாள். அமலியும் அவளும் முன்னால் போய்விட்டார்கள். நானும் நசீராவும் பின்னால். நசீராவுக்கு மூச்சு வாங்கியதால் அவள்கூட அதிகம் பேசவில்லை. இரண்டு திருப்பங்களுக்கு அப்பாலிருந்து அவர்கள் பேச்சு கேட்கும். என்ன என்று தெரியாது, சிரிப்பு மட்டும் தெரியும்.

தோட்டத்தில் கூடாரத்தை நசீரா தலைகீழாக விரித்து, உள்ளே புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் கத்தினாள். "பல்லப் புடுங்குறத விட இது கஷ்டம்டி, யாராவது வாங்கடி!" நான் போய் இழுத்துவிட்டேன். பிறகு சுள்ளி பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, பாறையில் உட்கார்ந்திருந்த உமையாளும் அமலியும் பேச்சை நிறுத்தினார்கள். உமையாள் கைகளைத் தலைக்குமேல் நீட்டி ஏதோ காட்டிக்கொண்டிருந்தவள், சடக்கென்று கீழே போட்டாள்.

"என்ன ரகசியம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா, தோள்பட்டைக்கு ஒரு எக்சர்சைஸ்" என்றாள் அமலி.

முட்டியிலிருந்து வலி தோளுக்கு ஏறிவிட்டது போல.

இறங்கும்போது அமலி என்னோடு நடந்தாள். ஒவ்வொரு மரமாகக் காட்டிப் பெயர் கேட்டாள், நான் தாவரவியல்காரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டதைத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தாள். என் பையையும் வாங்கிச் சுமந்தாள். அவள்மேல் கோபப்பட ஒரு நியாயமான காரணம் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 28, திங்கள்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை சொன்னேன். சனிக்கிழமை நசீராவுக்கு கிளினிக்கில் கூட்டம், உமையாளுக்கு அவர்களுடைய பாத்திரக்கடையில் வாரக் கணக்கு. அதனால் இனி ஞாயிறு காலையில் போகலாம் என்று. எல்லோருடைய வசதியையும் நினைத்துத்தான் எழுதினேன். நசீரா உடனே சரி என்றாள்.

அமலி, "ஞாயிறு காலை எனக்குப் பூசை இருக்கும்க்கா. பாக்குறேன்" என்று போட்டாள்.

அவளுடைய மாதா கோயில் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அவள் வர முடியாதது பற்றி வருத்தம்தான், ஆனால் நாலு பேரில் ஒருவருக்காக எல்லோரும் மாற முடியுமா?

நிம்மதியாகத் தூங்கினேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.

மே 4, ஞாயிறு

உமையாளுக்குப் பிடிக்கும் என்று எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்கி எடுத்துக்கொண்டு, நசீராவின் காருக்காகத் தெருமுனையில் நின்றேன். கார் வந்து நின்றது. முன்சீட்டில் அமலி.

"பூசைன்னியே?"

"நேத்து சாயங்காலப் பூசைக்குப் போயிட்டேன்க்கா. சனிக்கிழம சாயங்காலம் பாத்தா ஞாயித்துக்கிழம கணக்குலதான் வரும்."

நசீரா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "இது தெரியாமப் போச்சே மங்கை, உனக்கு" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தோம். உமையாளின் வாரை நான்தான் எப்போதும் இழுத்துக் கட்டுவேன். இன்று திரும்பியபோது அவளே கட்டி முடித்திருந்தாள்.

"மங்கை, இன்னைக்கு ஒரு தடவ அமலியோட போறேன். பின்னாடி உக்காந்து பழகலாம்னு."

"உனக்கு எதுக்குடி அது?"

"சும்மாதான்."

"போயேன். எனக்கென்ன?"

நான் நசீராவோடு ஏறினேன். "வா, வா. எனக்கு ரெண்டாந்தாரமா வாச்ச" என்றாள். சிரிக்க முடியவில்லை.

அவர்கள் படகு ஒரு குடிகாரன் மாதிரி போனது. கால்வாயின் இடதுகரையில் மோதும், வலதுகரைக்குப் போகும், அலையாத்தியின் தூக்கிய வேர்களுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். அமலி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். உதவவே இல்லை. என்ன மனுஷி! உமையாள் தானே திணறித் திணறிப் படகைப் பின்னுக்கு எடுத்தாள். ஒவ்வொரு முறை எடுத்ததும் ஒரு சிரிப்பு. விடுதியில் இருந்தபோது, வார்டன் பெயரைச் சொல்லி நான் நடித்துக் காட்டும்போது சிரிப்பாளே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அது. அதை நான் கேட்டு எத்தனை வருடம் இருக்கும்?

தண்ணீருக்கு இந்தப் பக்கமிருந்து, "பயப்படாத உமை!" என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. கேட்டிருக்காது.

கத்தரிக்காயை அமலி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மே 9, வெள்ளி

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே திணறுகிறது. இந்த வாரம் எங்கும் போவதற்கில்லை. காலையில் ஒரு குக்கர் வாங்குகிற சாக்கில் உமையாளின் கடைக்குப் போனேன். வீட்டில் இருக்கும் குக்கர் நன்றாகத்தான் இருக்கிறது.

கல்லாவில் இருந்தாள். முடி ஈரம். கண்கள் இரண்டும் சிவந்து, கீழிமை தடித்திருந்தது. கிட்டே போனபோது பிளீச்சிங் பவுடர் வாசனை. கடையை அவளே கழுவுகிறாளா என்ன, ஆள் வைத்திருக்கிறார்களே?

"அழுதியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ச்சே, தூசிடி. வைக்கோல் பிரிச்சாங்க."

பொய். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவள் பொய் எனக்குத் தெரியாதா? ஏதோ துன்பம் இருக்கிறது. வீட்டில் சண்டையோ, உடம்புக்கு ஏதாவதோ. அதை அமலியிடம் சொல்கிறாள். அன்று பாறையில் பேசியதும் அதுதான். நேற்று வந்தவளிடம் அழுகிறாள், என்னிடம் தூசி என்கிறாள்.

புதுக் குக்கரை அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மறுபடி அலையாத்திக் காடு. இன்று உமையாள் என்னோடு வந்தாள். நான் கேட்டேன், சரி என்றாள். முன்னால் உட்கார்ந்தாள். பழையபடி அவள் முதுகு, அவள் துடுப்பு, பின்னால் நான். வெட்டிய முடியால் பிடரி தெரிந்தது. அங்கே ஒரு மச்சம் இருக்கிறது. இவ்வளவு காலமும் சடைக்குள் இருந்திருக்கிறது.

கால்வாய் முடிந்து உப்பங்கழி விரிகிற இடம் வந்தது. அங்கே வந்தால் அவள் எப்போதும் துடுப்பை நிறுத்திவிட்டுப் படகின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொள்வாள். இன்று பிடிக்கவில்லை. போட்டுக்கொண்டே போனாள்.

"பயப்படாத உமை" என்றேன்.

"நான் பயப்படலையே."

"நான் இருக்கேன்."

"தெரியும்டி." குரலில் ஒரு சலிப்பு.

அதற்குப் பிறகு வலதுபக்கம் ஒரு பறவை. அதைப் பார்க்க நான் சட்டென்று சாய்ந்தேன். படகு ஆடியது. அவள் ஓரத்தைப் பிடிக்கவில்லை. திரும்ப அந்தப் பறவையைப் பார்க்கச் சாய்ந்தேன், கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருக்க வேண்டும். படகு கவிழ்ந்துவிட்டது.

தண்ணீர் மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்தால் கலங்கலான பச்சை. மேலே வந்தேன். லைஃப் ஜாக்கெட் கழுத்தை நெரித்தது. எனக்கு நீந்தத் தெரியாது என்று இன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் என்னை இதுவரை கேட்டதில்லை. "உமை, உமை" என்று கத்தியிருக்கிறேன், நசீரா பிறகு சொன்னாள். "காப்பாத்துங்க" என்றும் கத்தினேனாம்.

உமையாள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். அப்படியே புரண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் நீட்டி, நாலு வீச்சில் என்னிடம் வந்து என் ஜாக்கெட்டின் தோளைப் பிடித்தாள்.

"மங்கை, மங்கை. கால ஊனு."

"முடியல..."

"கால ஊனுடி. நெஞ்சளவுதான் இருக்கு."

ஊன்றினேன். சேறு. நின்றேன். தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது.

நசீரா படகிலிருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அமலி சிரிக்கவில்லை. அமலி உமையாளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். உமையாள் முகத்தில் தண்ணீர் வழிய ஒரு பெருமை, சின்னப் பிள்ளைகளுக்கு வருமே, அது.

நீச்சல். ஒரு மாதமாக, தினமும் காலையில், நீச்சல்குளத்தில் பெண்களுக்கான நேரத்தில், அமலி கற்றுக்கொடுக்கிறாள். கரையேறி நசீரா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. முட்டி வலியும் கிடையாது, துன்பமும் கிடையாது. குளத்து மருந்தில் சிவந்த கண்.

காரில் வரும்போது நசீரா, "அது சரி, அப்படி என்ன பறவைடி அது?" என்றாள்.

"நாரை" என்றேன்.



மே 19, திங்கள்

இருமல். வெந்நீர் குடித்தேன். உமையாள் கூப்பிடவில்லை.

மே 20, செவ்வாய்

கூப்பிடவில்லை. நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? கவிழ்ந்தவள் நான்.

மே 22, வியாழன்

சாயங்காலம் உமையாள் வந்தாள். கடையிலிருந்து நேராக, கையில் ஒரு பொட்டலம் பக்கோடா. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டோம், எப்போதும் போல. டீ போட்டேன். அவள் டம்ளரைக் கழுவி எடுத்தாள். எந்தப் பாத்திரம் எங்கே என்று என் வீட்டில் அவளுக்குத் தெரியும்.

"இருமல் எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"பறவையெல்லாம் ஒண்ணும் இல்ல, மங்கை."

நான் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தேன். வடிகட்டியில் இருந்த தூளைத் தட்டினேன், அது சுத்தமான பிறகும் தட்டினேன்.

"ரெண்டு தடவ சாஞ்ச. மொதத் தடவ நான் கத்துவேன்னு பாத்த. கத்தல. அதான் ரெண்டாவது."

"நசீராகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அமலிகிட்ட?"

அவள் டம்ளரை மேடையில் வைத்தாள். "உனக்கு இப்பவும் அதுதான் கவலையா?"

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டேன். "நீச்சல் கத்துக்கிறத என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? நானும் கூட வந்திருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லல."

"என்னது?"

"வருவ. கரையில நின்னு பயப்படாத, பயப்படாதம்ப. மங்கை, வையாத. நீ சொல்லும்போதுதான் எனக்குப் பயமே வருது. மத்த நேரத்துல அவ்வளவு வர்றதில்ல."

டீ ஆறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"அப்ப இத்தன வருஷமா?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. நீ பாத்துக்கிட்ட. யாரு எனக்கு அப்படிப் பாத்தா? ஆனா போதும்டி."

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "ஜூன் ஒண்ணு கடைசி ட்ரிப்பு. மணல்திட்டு வரைக்கும் போறோம். நான் அமலியோடதான் உக்காருவேன். முன்னாடியே சொல்லிடறேன். நீ வரணும்" என்றாள்.

"பாக்குறேன்" என்றேன்.

மே 27, செவ்வாய்

போகப்போவதில்லை.

மே 30, வெள்ளி

நசீரா கேட்டாள், வருகிறாயா என்று. கல்லூரி திறக்கும் முன் பாடத்திட்டம் தயார் செய்ய வேண்டும் என்றேன். "அந்தப் பாடத்தத்தான் இருவது வருஷமா நடத்துறியே" என்றாள். போனை வைத்துவிட்டுப் புளி ஊறவைத்தேன். புளியோதரை செய்தால் மதியம் வரை கெடாது.

ஜூன் 1, ஞாயிறு

போனேன்.

வழி முழுக்க நசீராதான் பேசினாள். படகுத்துறையில் உமையாள் பின் இருக்கையில் ஏறினாள், அமலி முன்னால். நான் நசீராவுக்குப் பின்னால். நசீராவிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அவள் பயப்படவும் மாட்டாள், கேட்கவும் மாட்டாள். பேசாமல் படகைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர்கள் படகு இப்போது நேராகப் போகிறது. கால்வாயின் நடுவில், கோடு போட்டது மாதிரி. அது மோதாதா என்று கடைசித் திருப்பம் வரை பார்த்துக்கொண்டே வந்தேன். மோதவில்லை.

மணல்திட்டில் நசீராவின் கூடாரத்தை நிழலுக்காக அடித்தோம். புளியோதரை தீர்ந்தது. அமலி என்னிடம் வந்து, "மங்கைக்கா, உங்களுக்கும் சொல்லித் தரட்டா? ஜூன் பேட்ச் இன்னும் நிரம்பல" என்றாள். அவள் முகத்தில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. "முடி கொட்டும்" என்று சொல்லிவிட்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

பிறகு உமையாள் எழுந்து, சுடிதார்க் கால்களை முழங்கால் வரை மடித்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினாள். திட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் மீனவர்கள் நட்ட ஒரு மூங்கில் கழி நிற்கிறது. அதுவரை போய்த் தொட்டுவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். படகுத்துறைப் பெண் ஒருத்தி படகோடு பக்கத்தில் போனாள். அமலி முழங்கால் தண்ணீரில் நின்றாள். நான் கரையில்.

உமையாள் இடுப்பளவில் நின்று திரும்பினாள். அமலியைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தாள்.

"சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இரு, மங்கை. என்ன?"

தலையை ஆட்டினேன்.

போனாள். என் வாய்க்குள் அந்த வார்த்தை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பாதி தூரத்தில் அவள் கை தளர்ந்த மாதிரி இருந்தது. நினைத்ததை எழுதுகிறேன்: அவள் களைத்துப்போக வேண்டும் என்று நினைத்தேன். மூழ்க வேண்டாம், ஆபத்து எதுவும் வேண்டாம், ஒரே ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி, "மங்கை" என்று கூப்பிட்டால் போதும். நான் ஓடிப்போய் என்ன செய்வேன் என்பது வேறு விஷயம். நீந்தத் தெரியாதவள். ஆனாலும் ஓடியிருப்பேன்.

அவள் கூப்பிடவில்லை. தளர்ந்த கையை மறுபடி தூக்கிப் போட்டாள். இன்னொன்று. இன்னொன்று. கழியைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, எங்களைத் தேடினாள்.

முதலில் கை தட்டியது நான்தான். அமலி அதற்குப் பிறகுதான் தட்டினாள்.